நான்கு வழிப் பிரிப்பான்

டுலூத்தில் பிப்ரவரி. மதியம் மூன்று.
வேன் கதவின் கைப்பிடியில் கையுறை ஒட்டிக்கொள்ளும் குளிர்.
இன்றைக்கு ஆறாவது வீடு.
புகார்த் தாளில் ஒரே வரி: கேபிள் இணையம், ரொம்ப மெதுவு.

கதவைத் திறந்தவர் வெண்டல் ஆஸ்ட்மன்.
இரும்புத்தாதுக் கப்பல்களில் முப்பது வருடம் சமைத்தவராம்.
என் காலணிப் பனியைப் பார்த்தார், அப்புறம் என்னை.
"மாதம் எழுபது டாலர் கட்டுகிறேன்" என்றார்,
வாங்க என்று சொல்கிற அதே குரலில்.

மேசைக்கடியில் கணினி. வயது பதினான்கு.
விசிறி கல்லை மென்றுகொண்டு சுற்றியது.
பொத்தானை அமுக்கிவிட்டுக் காபி போடப் போனார்.
காபி வந்தது. ஆறியது.
அதற்குப் பிறகுதான் திரை கண் திறந்தது.

உள்ளே இரண்டு வைரஸ் தடுப்பான்கள்
ஒன்றையொன்று திருடனென்று பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தன.
ஒன்றை வெளியே அனுப்பினேன்.
உலாவியின் நெற்றியில் ஏழு பட்டைகள்.
யார் போட்டது என்று கேட்டேன்.
"வந்தார்கள், தங்கிவிட்டார்கள்" என்றார்.

நிலவறையில்,
பழைய ஐஸ்பெட்டிக்குப் பின்னால் இருந்தது அது.
கட்டைவிரல் அளவுப் பித்தளை, நான்கு வாய்.
ஒன்று மோடத்துக்கு. ஒன்று டிவிக்கு.
ஒன்று, போன வாடகைக்காரன் காலிசெய்த அறைக்கு.
நான்காவது கம்பி சுவருக்குள் நுழைந்து
எங்கேயும் போகாமல் முடிந்திருந்தது,
மூடாத வாயோடு.
அந்த வாய் வழியாகத்தான்
ஊர் இரைச்சல் முழுக்க உள்ளே ஏறியிருக்கிறது.

பச்சை பூத்த முனைகளை வெட்டினேன். புது முனை முறுக்கினேன்.
பிரிப்பானைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன்.
மாடியில் மோடத்தின் நான்கு விளக்கும்
இமைக்காமல் நின்றன.
என் மடிக்கணினியில் தொண்ணூற்று நான்கு.
அவருடையதில் ஒன்பது.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.
பெட்டியைத் திறந்தால், தூசிக்கு நடுவே,
பத்துக்கு மேல் எண்ணத் தெரியாத ஒரு நெட்வொர்க் அட்டை.
வாடிக்கையாளர் கணினிக்குள் கை வைக்கக் கூடாது என்பது கம்பெனி விதி.
வேனின் இழுப்பறையில், யாரோ எறிந்த கணினியிலிருந்து
நான் பிடுங்கிவைத்த அட்டை ஒன்று கிடந்தது.
விதி வேனிலேயே உட்கார்ந்திருக்கட்டும் என்று விட்டுவிட்டு வந்தேன்.

எண்பத்தெட்டு.
அவர் அந்த எண்ணை ரொம்ப நேரம் பார்த்தார்.
சந்தோஷப்படுகிறவர் பார்க்கிற மாதிரி இல்லை.

"டூசானில் என் தம்பி, லாயல்" என்றார்.
"ஞாயிறுதோறும் வீடியோவில் பேசுவோம்.
அப்பாவின் படகை என்னிடம் சொல்லாமல் விற்றாயா என்று
ரெண்டு வருடம் முன்னால் கேட்டேன்.
வாய் பாதி திறந்தபடி அப்படியே உறைந்துவிட்டான்.
திரும்ப வந்தபோது வானிலை பேசினான்.
போன இலையுதிர்காலத்தில் மறுபடி கேட்டேன்.
மறுபடி உறைந்தான்.
பதில் எங்கேயோ கம்பியில் மாட்டிக்கொண்டது என்றுதான்
இத்தனை நாள்..."

இரைச்சல், கேள்வியைத் தேர்ந்தெடுத்து அறுப்பதில்லை.
பதினொரு வருட வேலையில் எனக்கு அது தெரியும்.
சொல்லவில்லை.
கையெழுத்துக்குத் தாளை நீட்டினேன்.

போட்டார். அப்புறம் கேட்டார்:
"இது இனிமேல் நிற்காதா?"

"நிற்காது, மிஸ்டர் ஆஸ்ட்மன்."

"நடுவில் ஒரு தடவைகூட?"

ஏழாவது வீட்டுக்கு நேரமாகிவிட்டதென்று தொலைபேசி உறுமியது.
வேனை ஓட்டும்போதெல்லாம்
பையில் அந்தப் பித்தளைத் துண்டு
விலா எலும்பில் குத்திக்கொண்டே வந்தது.
இரவு வரை எடுத்து எறியவில்லை.
இன்று வியாழன்.
அவருக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது.